மேற்கே திறந்திருந்த கரை

தம்பி,

நீ வளர்ந்து ஆளான பிறகு உன்னிடம் யாராவது சொல்வார்கள்: "உங்கம்மா உனக்கோசரந்தான் கடற்கரை வேலைய வுட்டுட்டு வூட்டுக்கு வந்துச்சி." தாத்தா இப்போதே தெருவில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் அப்பா மறுக்கவில்லை. கேட்கிறவர்களுக்கும் அது பிடித்திருக்கிறது. பிள்ளைக்காக வேலையை விட்டு வந்த அம்மா என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அது உண்மையில்லை. நான் பார்த்துக்கொள்ள வேண்டிய இடத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். அதனால்தான் வந்தேன். எனக்கு வேறு இடத்தில், வாலாஜாபாத்தில், நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். உனக்காக வந்தேன் என்ற பொய்யை நீ ஒரு கடன்போலத் தலையில் சுமக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இப்போது உனக்கு ஐந்து வயது. மழைக்குப் பள்ளி விடுமுறை. நீ சோற்றுப் பானை மூடியை ஸ்டீயரிங்காகப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ் ஓட்டுகிறாய். எனக்கு இப்போது இருக்கும் வயது உனக்கு வரும்போது இதைப் படி. பேச வேண்டிய இடங்களில் வாய் வராமல் நின்றவள் நான். எழுத்தில் கொஞ்சம் வரும். உன்னைப் போன்ற வேறு வீட்டுப் பிள்ளைகளும் படித்தால் படிக்கட்டும் என்றுதான் உறையை ஒட்டாமல் விடுகிறேன்.

நான் தங்கி வேலை பார்த்த இடத்தை நீ பார்த்திருக்கிறாய், நினைவிருக்காது. பாலாறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே ஒரு மீனவக் குப்பம். குப்பத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில், தாழ்ந்த மணலில், எங்கள் நிலையம். ஒரு டவர், பேட்டரிகள் அடுக்கிய அறை, ஃபைபர் கம்பிகள் வந்து சேரும் மிஷின்கள், வெளியே தகரக் கொட்டகையில் ஜெனரேட்டர். அந்தக் குப்பத்திலும் பக்கத்துக் குப்பங்களிலும் யார் போன் எடுத்துப் பேசினாலும் அந்தக் குரல் இந்த அறை வழியாகத்தான் வெளியுலகத்துக்குப் போகும். கரண்ட் போனால் பேட்டரி தாங்கும். பேட்டரி தீர்ந்தால் ஜெனரேட்டர் தாங்கும். தண்ணீர் உள்ளே வந்தால் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. இவ்வளவு தாழ்வான இடத்தில் ஏன் கட்டினார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தோணி அண்ணனிடம் கேட்டேன். அவர் அங்கே டெக்னீஷியன், என்னைவிட இரண்டு மடங்கு வயது. "யாருக்கும் வாணாத எடம் மேடம், அதான் நமக்குக் கெடச்சிது" என்றார். எனக்குச் சட்டென்று நம் தெரு நினைவுக்கு வந்தது. ஏரி நிரம்பினால் முதலில் தண்ணீர் ஏறும் பள்ளத்தில், யாரும் கேட்காத இடத்தில் வந்த தெரு நம்முடையது. அந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு ஒரு சொந்தம் வந்தது அன்றைக்குத்தான்.

நிலையத்துக்கு எதிரில் மாரியக்கா இட்லிக் கடை போட்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் கட்டுமரம் தள்ளியவர், இப்போது மூச்சிரைப்புக்காரர். குளிர்காற்று அடித்தால் அவருக்கு இழுக்கும். மிஞ்சினால் ஆம்புலன்ஸ் வர வேண்டும். அதனால் அந்தக் குப்பத்திலேயே எங்கள் டவரை அடிக்கடி அண்ணாந்து பார்ப்பவள் மாரியக்காதான். சிக்னல் கொஞ்சம் தேய்ந்தாலும் கரண்டியோடு வாசலில் வந்து நிற்பாள். "இன்னா மேடம், உங்க கோபுரம் தூங்குதா? ஒரு தட்டு தட்டி எழுப்பு. எம்புருசன் மூச்சு அதுலதான் தொங்கிக்கினு கீது." சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் சொன்னது உண்மை.

இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது நம் வீடு வைக்கோல் கூரை. ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன்னால் தாத்தா நிலக்காரர் வீட்டுக்கு வைக்கோல் கேட்கப் போவார். நானும் கூடப் போவேன். கூரை முழுவதும் வேய இரண்டு வண்டி வைக்கோல் வேண்டும். தாத்தா ஒரு வண்டிதான் கேட்பார். திரும்பி வரும்போது, "ஏன் நைனா ஒண்ணு கேட்ட?" என்றால், "ரெண்டு கேட்டா மூஞ்சி மாறிடும்மா. ஒண்ணு கேட்டா உடனே தூக்கிக்கினு போடான்னுவாரு. அவரு மொகம் கோணாம வந்துடலாம்" என்பார். அதனால் நம் கூரை எப்போதும் பாதிதான் புதுசாக இருக்கும். எந்தப் பக்கம் ஒழுக வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்வோம். ஒழுகும் பக்கம் அடுப்பையும் பாத்திரங்களையும் வைத்துவிட்டு, ஒழுகாத பக்கம் என்னைப் படிக்க உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துத்தான் இந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கினேன். படிப்பு வந்தது. ஆனால் கேட்கும்போது பாதியாகக் குறைத்துக் கேட்கும் நாக்கு அப்படியே இருந்தது.

நான் நிலையத்தில் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் தண்ணீர் வாசற்படிவரை வந்து திரும்பியது. அடுத்த ஆண்டு மழைக்கு முன்பு எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம். கரையோர நிலையங்களை வெள்ளத்திலிருந்தும் கடல் ஏற்றத்திலிருந்தும் எப்படிக் காப்பது என்று, ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் ஆள் வரச் சொல்லியிருந்தார்கள். என்ன கேட்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு மணல் மேடு உண்டு. புயல் என்றால் குப்பத்துச் சனங்கள் அங்கேதான் ஏறி நிற்பார்கள். அந்த மேட்டில் தூண்களின் மேல் ஓர் அறை கட்டி, மிஷின்களை எல்லாம் அங்கே மாற்ற வேண்டும். இதைச் சொல்லப் பஸ்ஸில் போகும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அந்தோணி அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "சத்தமா சொல்லுங்க மேடம், கண்டக்டரும் கேக்கட்டும்" என்று கேலி செய்தார். கூட்டத்தில் என் முறை வந்தது. அதிகாரி நல்ல மனிதர்தான், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சொல்லுங்கம்மா, உங்க நிலையத்துக்கு என்ன வேணும்?" எனக்கு முன்னால் பேசியவர்கள் கேட்டதற்கெல்லாம் அவர் முகம் வாடிக்கொண்டே வந்ததை நான் பார்த்திருந்தேன். எழுந்து நின்று, "சுத்தி ஒரு மண் கரை போட்டாப் போதும் சார்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இப்படி நியாயமா கேட்டா செய்யறதுக்கு என்ன?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, தம்பி. திரும்பும்போது அந்தோணி அண்ணன் இரண்டு டிக்கெட்டையும் வாங்கினார். பிறகு, "மேட்டுல ஏறணும்னு மனப்பாடம் பண்ணிக்கினு போனீங்க, கரையிலியே எறங்கிட்டீங்களே" என்றார். "அது நடக்காதுண்ணா" என்றேன். "கேட்ட பொறவுதான மேடம் நடக்காதுன்னு தெரியும்?" என்றார்.

கரை போட்டார்கள். அதைப் பார்க்கத் தாத்தா வந்தார், உன்னையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு. மகள் சொல்லி ஒரு கரை எழும்புகிறது என்பது அவருக்குச் சின்ன விஷயமா? நம்முடையவர்களுக்கு நிலமில்லை, ஏரித் தண்ணீர் நமக்கென்று ஒரு குழி நிலத்துக்குக்கூடப் பாயவில்லை, ஆனால் ஏரிக்கரைக்குக் காலங்காலமாக மண் சுமந்தது நாம்தான். பொக்லைன்காரனையே நிறுத்தி நிறுத்தி மண்ணை நனைத்து மிதிக்கச் சொன்னார் தாத்தா. எந்தெந்தப் பக்கம் கரை வேண்டும் என்று காண்ட்ராக்டர் கேட்டபோது பதில் சொன்னதும் அவர்தான். "கடலு கெழக்க கீது. ஆறு தெக்க கீது. கெழக்கு, தெக்கு, வடக்கு மூணு பக்கமும் கட்டிடு. மேக்கால வண்டி வந்து போவ வழி வாணாமா? அது தொறந்தே கெடக்கட்டும்." டீசல் வண்டி மேற்கிலிருந்துதான் வரும். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நம் ஊர்ப் பக்கம் எந்த ஏரியை வேண்டுமானாலும் போய்ப் பார், மூன்று பக்கம் கரை, மேட்டுப் பக்கம் திறந்திருக்கும். வேறு வடிவத்தில் ஒரு கரையை நானும் பார்த்ததில்லை, தாத்தாவும் பார்த்ததில்லை. குப்பத்துச் சனங்களும் கூடை எடுத்து வந்து மண் போட்டார்கள். மாரியக்கா எல்லோருக்கும் டீ கொடுத்தாள். "உங்க நைனா கட்ற கரையப் பாத்தா கடலே கும்புடு போட்டுட்டுத் திரும்பிப் பூடும்போலக் கீதே" என்றாள். தாத்தா வெட்கப்பட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நீ அந்தக் கரைச் சரிவில் உருண்டு உருண்டு விளையாடினாய். உன் காதுக்குள்ளிருந்து மணல் எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. அதற்கு முதல் நாள் தாத்தா போன் செய்தார். பின்னால் மேளச் சத்தம். "ஏரி கோடி போவுதும்மா! கலங்கல் மேல ஒரு மொழம் தண்ணி! ஊரே திருநாளா கீது!" நம் ஊரில் ஏரி நிரம்பினால், உபரித் தண்ணீர் வழியும் கலங்கலில் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, வழிகிற தண்ணீரில் பூப் போடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். "சந்தோசம் நைனா" என்றேன். நான் அப்போது கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஏரியில் வழியும் தண்ணீர் ஓடையில் இறங்கி, பாலாற்றில் சேர்ந்து, என் வாசலுக்குப் பக்கத்தில்தான் கடலுக்குப் போகிறது என்பது நான் பள்ளிக்கூடத்திலேயே படித்தது. ஆனால் அதை அந்த நேரத்தில் நினைக்கவில்லை. ஆபத்து கிழக்கிலிருந்துதான் வரும் என்று நம்பியவளுக்கு மேற்கைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

காலையில் கடல் ஏறி வந்து கரையில் மோதியது. கரை அசையவில்லை. நானும் அந்தோணி அண்ணனும் ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கரைக்கு ஒரு சல்யூட்கூட வைத்தார். பிறகுதான் பின்பக்கம் ஏதோ அமைதியாக இருப்பதுபோலத் தோன்றித் திரும்பினோம். சாலையைக் காணோம். கடல் முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டு நின்றதால் ஆற்றுத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் எதிர்த்து ஏறி, வயல்களைக் கடந்து, நாங்கள் திறந்து வைத்திருந்த மேற்குப் பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. கடல் தண்ணீர் இல்லை, செம்மண் தண்ணீர். வேப்பங்கிளையும் வைக்கோலும் மிதந்து வந்தன. "பாருங்க மேடம், உங்க ஊருத் தண்ணி. எங்க பொண்ணு எப்பிடி கீதுன்னு பாக்க வந்துகீது" என்றார் அந்தோணி அண்ணன். அப்போதும் சிரிப்பு வந்தது. வந்த தண்ணீர் மூன்று பக்கமும் கரையில் முட்டி, போக இடமில்லாமல் நின்று ஏறத் தொடங்கியது. தாத்தா மிதிக்கச் சொல்லி மிதித்த கரை. ஒரு சொட்டு கசியவில்லை. நாங்கள் ஓர் ஏரி கட்டியிருந்தோம், தம்பி. கட்டி, அதன் நடுவில் மிஷின்களை வைத்திருந்தோம்.

நேரம் போகப் போகக் கடல் பின்வாங்கியது. கரைக்கு அந்தப் பக்கம் ஈர மணல் தெரிந்தது. இந்தப் பக்கம் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பேட்டரிகளைச் செங்கல் மேடை மேல்தான் ஏற்றி வைத்திருந்தோம். மேடை விளிம்புக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அந்தோணி அண்ணன் கடப்பாறையோடு கரைமேல் ஏறி நின்று கத்தினார். "வெட்டிடலாம் மேடம்! கெழக்கால ஒரு வாய் வெட்டி வுட்டா அத்தினியும் கடலுக்குப் பூடும்! சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க!" என்னால் சொல்ல முடியவில்லை. உனக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. நம் ஊரில் எதை வேண்டுமானாலும் செய்தவனை மன்னிப்பார்கள், ஏரிக்கரையை வெட்டியவனை மன்னிக்க மாட்டார்கள். அவன் வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். வெள்ளக் காலத்தில் யாரும் வெட்டிவிடக் கூடாது என்று தடியோடு கரைக்குக் காவல் இருப்பார்கள்; அந்தக் காவலில் உன் தாத்தா எத்தனையோ முறை நின்றிருக்கிறார். நான் படித்த எந்தப் பாடமும் அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை. "கரைய எப்பிடிண்ணா வெட்டறது?" என்று கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு போனை எடுத்துத் தாத்தாவை அழைத்தேன். "நைனா, உள்ள தண்ணி ஏறுது. கரைய வெட்டட்டுமா?" அவர் அலறிவிட்டார். "ஐயையோ, வாணாம்மா! இன்னா ஆனாலும் கரைய வெட்டாதே! மூட்ட போடு, மூட்ட போடு!" நான் அந்தோணி அண்ணனைப் பார்த்து, "மணல் மூட்டை போடலாம்ணா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டு மூட்டை தூக்க வந்தார். நான் அவருக்கு மேலதிகாரி அல்லவா?

அன்றைக்கு அந்த நிலையம் வழியாகப் போன கடைசி அழைப்பு அதுதான். நாலைந்து மூட்டை போடுவதற்குள் தண்ணீர் பேட்டரியைத் தொட்டது. மிஷின்களின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணையவில்லை, எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. கொஞ்ச நேரத்தில் மாரியக்கா தண்ணீரில் விழுந்து எழுந்து வந்தாள், போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "மேடம், போன் போவல. அந்தாளுக்கு இழுக்குது. ஆம்புலன்சுக்கு அடிக்கணும், ஒரு தபா உடு மேடம், ஒரே ஒரு தபா." நான் இருட்டாக இருந்த அறையைக் கை காட்டினேன். அவள் அறையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், திரும்பி ஓடினாள். குப்பத்து ஆண்கள் அவரைக் கட்டிலோடு படகில் ஏற்றி, வயல்களின் மேலே துடுப்புப் போட்டுக்கொண்டு, மெயின்ரோடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். அது என்னால் இல்லை. அவர்கள் போன பிறகு அந்தோணி அண்ணன் என்னைக் கேட்காமலே கரையை வெட்டினார். ஒரு குடம் கவிழ்த்ததுபோல அவ்வளவு தண்ணீரும் கடலுக்குப் போயிற்று.

இதைத் தாத்தாவிடம் நான் சொல்லவில்லை. பேட்டரி கெட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன். "கரை நின்னுச்சா?" என்று கேட்டார். "நின்னுச்சு நைனா" என்றேன், அது பொய்யில்லை. அவருக்கு எழுத்து வராது. நீ இதைப் படிக்கும்போது அவர் இருந்தால், இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டாதே. அவர் சொன்னதில் குற்றமில்லை. ஏரிக்கு அது சரியான சொல். கடலை அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு அவரிடம் போய் அனுமதி கேட்டவள் நான்.

புது பேட்டரி வந்து நிலையம் மறுபடி ஓடியது. குப்பத்தில் அதற்குப் பிறகு எனக்கு 'ஏரி மேடம்' என்று பெயர். "வா ஏரி மேடம், உன் ஏரில மீனு வுட்டியா? ஏலம் எப்போ?" என்று மாரியக்காதான் ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் கடை வாசலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். அதனால் அவளுக்கு அந்தச் சிரிப்பு வந்தது. இட்லி வைத்தாள். காசு வாங்க மறுத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அடுத்த கூட்டத்தில் நான் முழுசாகக் கேட்டேன். அதிகாரியின் முகத்தைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "சார், அந்த நிலையம் அங்க இருக்கக் கூடாது சார். மேட்டுக்கு மாத்தணும். தூண் போட்டு, உயரமா. இல்லன்னா அந்தச் சனங்க ஒரு ஆம்புலன்சைக்கூடக் கூப்பிட முடியாது." அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார். "நீங்க சொல்றது ரொம்பச் சரிம்மா" என்றார். வெளியே வந்ததும் அந்தோணி அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. நிலையம் அங்கே இருக்கக் கூடாது என்பதை ஏற்றுக்கொண்டார்கள். மேட்டையும் ஆள் அனுப்பி அளந்து பார்த்திருக்கிறார்கள். கடல் ஆண்டுதோறும் உள்ளே வருகிறது, மேடும் நிற்காது, அங்கே கட்டுவதெல்லாம் வீண் என்று அறிக்கை வந்திருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் உள்நாட்டுக்கு, மெயின்ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவது என்று முடிவு. குப்பத்துக்கு அங்கிருந்து சிக்னல் எட்டும். எப்படி எட்டும் என்றால், வீட்டுக்கு வெளியே வந்து மேற்கே பார்த்து நின்றால் போன் ஒரு கோடு காட்டும். கூரைக்குள் போனால் போய்விடும். மழையிலும் புயலிலும் மனிதர்கள் கூரைக்குள்தான் இருப்பார்கள் என்று சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அவர்கள் போட்ட கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றேன், தம்பி. கிடைக்கவில்லை. கடல் வருவது உண்மை. மேடு நிற்காது என்பதும் உண்மையாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு தாய் பிள்ளைக்கு ஏதாவது சொல்ல வேண்டும். துணிந்து கேள், முழுசாகக் கேள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பாதி கேட்டேன், மூழ்கியது. முழுசும் கேட்டேன், எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த மிஷின்கள் இன்னும் ஒரு மழைக்காலமாவது அங்கே இருந்திருக்குமோ என்று தோன்றுகிறது. அப்படி இருப்பதும் பிறகு மூழ்கத்தான். உன் அப்பா, "உன்னால முடிஞ்சத செஞ்ச, வுடு" என்கிறார். விட முடிந்தவர்கள் நன்றாக இருக்கட்டும். நான் உனக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான், அதிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை: நீ எந்த வேலைக்குப் போனாலும், உன் வீட்டில் புனிதமாக இருந்தது அங்கேயும் புனிதமாக இருக்கும் என்று நினைக்காதே. வெட்ட வேண்டிய கரை ஒன்று உன் முன்னாலும் நிற்கும். அப்போது என்னைக் கூப்பிட்டு அனுமதி கேட்காதே. எனக்கும் தெரியாது.

கழற்றும் வேலைக்கு நானே நின்றேன். மாரியக்கா கடையை மூடிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க கொண்டுபோறீங்க?"

"உள்ளாறக்கா. மெயின்ரோட்டுக்கு அந்தாண்ட."

"இன்னாத்துக்கு?"

"இங்க தண்ணி வருதுல்ல."

அவள் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் அவள் வீட்டுக்காரர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். "தண்ணி வருதுன்னு மிஷினைத் தூக்கினு போறாங்க" என்று அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். "நாமளும் மிஷினாப் பொறந்திருந்தா லாரில ஏத்தியிருப்பாங்கய்யா." அவர் சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்தது. நான் என் நம்பரை அவள் போனில் மறுபடியும் சரிபார்த்துக் கொடுத்தேன். எது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. உனக்கு என்று வறுத்த நெத்திலி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வெட்டிய கரை மட்டும் அப்படியே நிற்கிறது. ஆடுகள் ஏறி மேய்கின்றன.

முந்தாநாள் நம் ஏரி நிரம்பியது. தாத்தா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கலங்கலுக்குப் போனார். நானும் வந்தேன். மேளம், கற்பூரம், மழையிலும் குடை பிடித்துக்கொண்டு பாதி ஊர். கூடையிலிருந்து சாமந்தியை அள்ளி உன் கையில் கொடுத்து, "போடு கண்ணு, போடு! கங்கம்மா போறா பாரு!" என்றார். நீ பூவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாய், "இந்தத் தண்ணி எங்கம்மா போவுது?"

கடலுக்கு என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நான், "மாரியக்கா ஊருக்கு" என்றேன்.

நெத்திலி கொடுத்தவள் என்று உனக்கு நினைவிருந்தது. உன் முகம் மலர்ந்தது. "அவங்களுக்கா போவுது?" என்று கேட்டுவிட்டு, தாத்தாவிடம் இன்னும் பூ கேட்டு வாங்கி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாய். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். பூவெல்லாம் கலங்கலைத் தாண்டிச் செம்மண் தண்ணீரில் விழுந்து, ஒரு சுழி சுழித்துக்கொண்டு கிழக்கே போயின. நான் உன்னைத் தடுக்கவில்லை.

கூட்டத்திலிருந்து ஒதுங்கி மாரியக்காவுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று பதிவுக் குரல் சொன்னது. அந்தோணி அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் செங்கல்பட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். "காலைலேருந்து நானும் அடிச்சிக்கினு கீறேன் மேடம். யாருமே கெடைக்கல" என்றார். மறுபடியும் மாரியக்காவுக்குப் போட்டேன். மறுபடியும். அதற்குள் நீ தாத்தா தோளிலிருந்து இறங்கி ஓடி வந்து, யாரிடம் பேசுகிறேன் என்று கேட்டு, நானும் பேசணும் என்று கையை நீட்டினாய். கொடுத்துவிட்டேன். அந்தக் குரல் தமிழில் சொல்லி முடித்து, ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. நீ அதற்கு மேல் சத்தமாக, "மாரியக்கா, பூ வுட்டுகீறேன். வந்ததும் எட்த்துக்கோங்க" என்றாய். இணைப்பு தானாகவே துண்டித்துக்கொண்ட பிறகும் கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

இதை எழுதும்போதும் இடையிடையே போட்டுப் பார்க்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. மழை விடவில்லை. நீ பானை மூடியைத் திருப்பி, மாரியக்கா ஊர் ஸ்டாப்பிங் வந்துவிட்டது, இறங்குங்கள் என்கிறாய்.

அம்மா